ஏழு வண்டிக்கு ஒரு சாவி

ஆச்சு சார், சார்ஜ் ஏற ஆரம்பிச்சிடுச்சு. பச்சை விளக்கு வந்துவிட்டது பாருங்க. உங்க வண்டியில் ஒரு குறையும் இல்லை. வண்டியும் மெஷினும் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நெட் போய்விடும், அவ்வளவுதான். அதனால் என் கார்டைத் தட்டி ஏற்றிவிட்டேன். ஊழியர் கார்டு. சோதனைக்கு மட்டும் என்று பின்னால் எழுதியிருக்கும். எழுதியிருக்கட்டும். இப்போதெல்லாம் யார் வண்டி நின்றாலும் தட்டிவிடுகிறேன். இரண்டு மெமோ வாங்கியாகிவிட்டது.

எண்பது சதவீதம் வர நாற்பது நிமிஷம் ஆகும். அந்த நாற்காலியில் உட்காருங்க. ஆடாமல் உட்காருங்க, அதற்கு ஒரு கால் சரியில்லை. நானும் எட்டு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டிய ஆள்தான். இரவெல்லாம் நான், பகலெல்லாம் ஏகாம்பரம். இப்போது மணி எட்டே கால். இன்னும் காணோம். இன்றைக்கென்று பாருங்க, பத்தரைக்கு எனக்குச் செய்யாற்றில் ஒரு வேலை. வேலை என்ன வேலை, ஒருத்தனுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அவனுக்கு வேலை திரும்பும், போலீஸ் விசாரணையும் தீரும். சொல்லாவிட்டால் ஒரு உயிரைக் கொன்றவன் என்ற பெயரோடு காலம் முழுக்கத் திரிவான். இன்றைக்குத்தான் கடைசி விசாரணை.

சொல்ல மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஏகாம்பரம் வர வேண்டாமா?

கண்ணாடிக்கு அடியில் என்ன குனிந்து பார்க்கிறேன் என்கிறீங்களா? சேஸிஸ் நம்பர். ஒன்றுமில்லை, பழக்கம். உங்களுடையது வேறு நம்பர். நிம்மதியாக உட்காருங்க.

இதற்கு முன்னால் நான் வண்டிக் கம்பெனியில் இருந்தேன் சார். செய்யாறு பக்கம். பெயர் வேண்டாம், பெரிய இடம். பத்தாம் வகுப்புதான் படிப்பு. ஆனால் அந்த மெஷினின் கையேடு முந்நூறு பக்கம், இங்கிலீஷ், அதை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டு மாதத்தில் படித்து முடித்தேன். புதிதாக வரும் இன்ஜினியர் பையன்கள், "முனிரத்தினம் அண்ணனைக் கேளு" என்பார்கள். லைனின் கடைசியில் என் இடம். அங்கே வண்டிக்குச் சாவி ஊட்டுவோம். ஊட்டுறது என்றுதான் சொல்வோம், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி.

கையில் பிடிக்கிற சாவி இல்லை. எண்கள். ஒவ்வொரு வண்டிக்கும் அது பிறக்கும்போதே ஒரு ரகசியச் சாவியை வயிற்றுக்குள் வைத்துவிட வேண்டும். பிறவிச் சாவி. வாங்கினவர் பிற்பாடு சார்ஜ் ஏற்ற ஒரு கணக்குத் தொடங்குவார் இல்லையா, அந்தக் கணக்குக்கு ஒரு சாவி உண்டு. அதை ஒரு பெட்டியில் பூட்டி நெட் வழியாக அனுப்புவார்கள். நடுவில் எவன் பிடித்தாலும் திறக்க முடியாது. இந்த வண்டியின் பிறவிச் சாவிதான் திறக்கும். அப்புறம் கார்டு வேண்டாம், போன் வேண்டாம், கம்பியைச் சொருகினால் போதும், மெஷின் வண்டியை அடையாளம் கண்டு ஏற்றிவிடும். நல்ல ஏற்பாடு சார். நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு விதி. ஒரு வண்டிக்கு வைத்த பிறவிச் சாவி இன்னொரு வண்டிக்குப் போகக் கூடாது. அதற்காக, ஊட்டி முடித்ததும் மெஷினில் 'அழி' என்று ஒரு பட்டனை அமுக்க வேண்டும். சர்வரில் இருந்து அடுத்த சாவி வரும். ஊட்டு, அழி. ஊட்டு, அழி. அந்தப் பட்டன்தான் சார் என் வேலையே.

எங்கள் இடத்தில் இரண்டு பேர். இன்னொருத்தன் ரூபன். ராணிப்பேட்டைப் பையன். பையன் என்ன, முப்பத்தைந்து வயசு. நன்றாகப் பாடுவான், கோயில் பாட்டு. மெஷின் அவன் கார்டில்தான் ஓடும். அங்கே அப்படித்தான் வழக்கம். கார்டை உருவினால் மெஷின் மறுபடி விழிக்க இருபது நிமிஷம் ஆகும், அதற்குள் மூன்று வண்டி வந்து முட்டும். அதனால் ஷிப்டு தொடங்கும்போது எந்தக் கார்டு நுழைகிறதோ அது விடியும்வரை அங்கேயே கிடக்கும். மேலே இருக்கிறவர்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்கள்.

அன்றைக்கு ராத்திரி ஒன்றரைக்கு அவன் வீட்டில் இருந்து போன். பெண் குழந்தைக்கு வலிப்பு.

"ரத்னம்ணா, நான் போயே ஆவணும். கஜபதி சாருகிட்ட கேட்டா விடமாட்டாரு. போன மாசமே ரெண்டு தடவ போயிட்டேன்."

"கார்டு கெடக்கட்டும், நீ போ. கேண்டீன் லாரி வெளிய போவும், அதுல ஏறிக்க. நான் பாத்துக்கறேன்."

நான்தான் சார் சொன்னேன். நான் பாத்துக்கறேன் என்று. அவன் என் கையைப் பிடித்து ஒரு தரம் அமுக்கிவிட்டு ஓடினான். உதவி செய்தது யார்? அதை யாரும் கேட்பதில்லை.

இரண்டே காலுக்கு சர்வர் படுத்துவிட்டது. புதுச் சாவி வரவில்லை. கையேட்டின்படி லைனை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் சங்கு ஊதும். சங்கு ஊதினால் கண்ணாடி அறையில் இருந்து சூப்பர்வைசர் கஜபதி இறங்கி வருவார். வந்தால் ரூபன் எங்கே என்பார். என்ன சொல்வேன்? அவன் வேலை அன்றைக்கே போயிருக்கும். மெஷினில் கடைசியாக ஊட்டின சாவி இருந்தது. நான் 'அழி'யை அமுக்கவில்லை. அவ்வளவுதான். நான் ஒன்றும் செய்யவில்லை சார், ஒரு பட்டனை அமுக்காமல் இருந்தேன். அதே சாவி அடுத்த வண்டிக்கும் போனது. அதற்கடுத்ததற்கும். சர்வர் எழுந்திருக்க நாற்பது நிமிஷம். அதற்குள் மொத்தம் ஏழு வண்டி. சர்வர் இல்லாத நேரத்துக்குப் பேப்பரில் எழுத வேண்டும். சாவி விழுந்தது, விழுந்தது என்று டிக் போட்டேன். ஊட்டினவர் பெயர் என்ற இடத்தில் மெஷினில் இருக்கிற கார்டின் பெயரை எழுதுவதுதான் முறை. முறைப்படி எழுதினேன்.

சரி செய்யக் கூடாது என்று நினைத்தவன் இல்லை நான். ஏழு வண்டியின் சேஸிஸ் நம்பரில் கடைசி நாலு எண்ணையும் காலண்டர் தாளைக் கிழித்து எழுதி வைத்துக்கொண்டேன். மறுநாள் யார் காதிலாவது போட்டு, திரும்ப வரவழைத்து, புதுச் சாவி ஊட்டிவிடலாம் என்று. காலையில் நான் வெளியே வரும்போது ஏழையும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீங்க. லாரிக்காரன் கேட்பானா?

இதோ, பர்ஸில்தான் இருக்கிறது அந்தத் தாள். மடிப்பில் கிழிந்துவிட்டது, டேப் ஒட்டியிருக்கிறேன். ஏழு நம்பர், கீழே மணி, எல்லாம் என் கையெழுத்து.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. வண்டி ஓடும் சார், ஓட்டத்துக்கும் அந்தச் சாவிக்கும் சம்பந்தமில்லை. ஏழு வண்டியும் எங்கெங்கோ போய், ஏழு பேர் ஏழு கணக்குத் தொடங்கி, கம்பியைச் சொருகி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரூபன் குழந்தையும் பிழைத்துக்கொண்டது. எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. பகலில் படுத்தால் சங்கு ஊதுகிற மாதிரி இருக்கும். நாலு மாதத்தில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிட்டேன். காற்றோட்டமான வேலை. ஆற்காடு பைபாஸில் இதைவிட நல்ல இடம் ஏது?

இந்த ஆவணியில் கோயம்புத்தூரில் ஒருத்தருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அவர் வீட்டில் தூங்குகிறார், அவர் கணக்கில் திருநெல்வேலியில் ஒரு வண்டி சார்ஜ் ஏற்றுகிறது. அவருக்கு அனுப்பின பூட்டின பெட்டியை இன்னொரு வண்டியும் திறந்திருக்கிறது. இரண்டின் வயிற்றிலும் ஒரே சாவிதானே. அவர் புகார் கொடுத்தார். கம்பெனி என்ன செய்யும்? எவனோ சாவியைத் திருடிவிட்டான் என்று நினைத்து அந்தப் பிறவிச் சாவியையே ரத்து செய்துவிட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம். அந்த நிமிஷத்தில் ஏழு வண்டிக்கும் வாய் அடைத்துவிட்டது. மற்ற ஐந்து வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. இதோ, உங்க வண்டி நிற்கிற இதே இடம். வெள்ளை வண்டி. ஒரு பெரியவர் இறங்கினார். துளசிங்கம் என்று பெயர், கலவைப் பக்கம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்சீட்டில் சம்சாரம் பச்சையம்மாள், தலையணையில் சாய்ந்து. சிறுநீரகம் போய்விட்டது, வாரம் இரண்டு தடவை வேலூரில் டயாலிசிஸ். அதற்காகவே பெங்களூரில் இருக்கிற பையன் வாங்கிக் கொடுத்த வண்டி. வீட்டிலேயே ஏற்றிக்கொள்வாராம். ஊரில் டிரான்ஸ்பார்மர் வெடித்து நாலு நாளாகக் கரண்ட் இல்லை.

கம்பியைச் சொருகினார். சிவப்பு. உருவிச் சொருகினார். சிவப்பு.

"தம்பி, ஏற மாட்டேங்குதே."

"கார்டு இருக்கா? போன்ல ஆப் கீப் இருக்கா?"

"அதெல்லாம் வேணாம்னுதாம்ப்பா பையன் இந்த வண்டிய எடுத்தான். கம்பிய சொருகுப்பா, அது உன்னை அடையாளம் கண்டுக்கும்னான். ஒன்றர வருசமா வெளிய எங்க சொருகுனாலும் கண்டுக்கிச்சே. இன்னைக்கி என்னைத் தெரியலங்குது."

உள்ளே இருந்து அந்த அம்மா, "முப்பது வருசம் பஸ்ஸுல விசிலடிச்ச மனுசன், ஒரு கம்பிய சொருவத் தெரியல. அந்தத் தம்பிகிட்ட குடுங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. கால் இரண்டும் இத்தனை பருமனுக்கு வீங்கிக் கிடந்தது.

நான் திரையைப் பார்த்தேன். சாவி ரத்து செய்யப்பட்டது என்று போட்டிருந்தது. இந்தச் செய்தியை இங்கே நான் பார்த்ததே இல்லை. நெட் இல்லை என்று வரும், கணக்கு இல்லை என்று வரும். ரத்து என்று வந்ததில்லை. என் கால் தானாக முன்பக்கம் போனது. குனிந்து கண்ணாடி வழியாக நம்பரைப் பார்த்தேன். கடைசி நாலு, 4471. பர்ஸை எடுக்கவே வேண்டாம் சார். தாளில் மூன்றாவது நம்பர்.

சட்டைப் பையில் கார்டு இருந்தது. இதே கார்டு. தட்டினால் ஏறியிருக்கும். சாவி கீவி எதையும் கேட்காது.

நீங்க என்ன நினைக்கிறீங்க என்று தெரிகிறது. கொஞ்சம் நான் சொல்வதைக் கேளுங்க. ரத்தான சாவியோடு வந்த வண்டிக்கு ஊழியர் கார்டைத் தட்டினால் அது பதிவாகும். எந்த ஊழியன், ஏன் தட்டினான் என்று கேட்பார்கள். முனிரத்தினமா, அந்தக் கம்பெனியில் சாவி ஊட்டின முனிரத்தினமா என்பார்கள். அதோடு விதி என்று ஒன்று இருக்கிறது இல்லையா? சோதனைக்கு மட்டும். நான் விதியை மீறாத ஆள் சார். அப்போது.

"ஐயா, வண்டியிலதான் கோளாறு. கம்பெனிக்காரன் வந்துதான் பாக்கணும்" என்றேன்.

"அதப் பொறவு பாக்கலாம்ப்பா. ஏழு மணிக்கு அவளுக்கு மெசினு. கரண்ட் இல்லாம செவ்வாக்கெழம போவல. இன்னைக்கும் தப்புனா தாங்க மாட்டா. ஏதாவது பண்ணுப்பா."

பையனுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. ஆறு மணிக்கு எந்தப் பையன் எடுப்பான்? வண்டியில் ஒன்பது சதவீதம் இருந்தது. நான் மனக்கணக்குப் போட்டேன். வேலூர் இருபத்தைந்து கிலோமீட்டர். நாற்பதில் ஓட்டினால், ஏசி போடாமல் போனால், தொட்டுவிடும். அதைத்தான் சொன்னேன். கணக்குப் போட்டுத்தான் சொன்னேன், ஏதோ துரத்திவிட்டேன் என்று நினைக்காதீங்க. ஏசியை நானே கையை விட்டு அணைத்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் ஜன்னல் வழியாக அந்த அம்மா கையில் கொடுத்தேன். என் சொந்த பாட்டில், சீல் உடைக்காதது. "மகராசனா இரு" என்றார்.

கணக்கில் மேம்பாலத்தை மறந்துவிட்டேன். ஏற்றத்தில் பேட்டரி கூடக் குடிக்கும். நாலு கிலோமீட்டர் இருக்கும்போது நின்றுவிட்டது. பெரியவர் அரை மணி நேரம், ஆற வைத்தால் கொஞ்சம் திரும்ப வரும் என்று காத்திருந்திருக்கிறார், பழைய பஸ் புத்தி. அப்புறம்தான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். அது சீக்கிரம்தான் வந்ததாம். அந்த அம்மாவுக்கு அதற்குள் அவசரம் தீர்ந்துவிட்டது. நுரையீரலில் தண்ணீர் ஏறி.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், இருபது நாள் கழித்துப் பெரியவர் இங்கே வந்தார். பஸ்ஸில் வந்தார். கையில் பை. பையில் என் பாட்டில். சீல் அப்படியே இருந்தது.

"அவளுக்குத் தண்ணி ஆவாதுப்பா. ஒரு நாளைக்கி மூணு டம்ளர், அளந்துதான். கடைசீல கேட்டா, குடிக்கட்டுமான்னு. நாந்தான் வேணாம்னேன், ஆசுபத்திரிக்குப் போயிடலாம்னு. குடுத்துருக்கலாம்." பாட்டிலை என் கையில் வைத்தார். "உன் பொருளு, குடுத்துட்டுப் போவலாம்னு வந்தேன். அந்த நேரத்துல நீ ஒருத்தன்தான் நின்னு பேசுன. நல்ல மனசுப்பா உனக்கு."

கேட்டீங்களா? அவரே சொன்னார் சார். என் மேல் அவருக்கு ஒரு வருத்தம் இல்லை.

அதற்குப் பிறகு பையன் கேஸ் போட்டான். கம்பெனி தோண்டியது. ஏழு வண்டிக்கு ஒரே சாவி என்று கண்டுபிடித்தார்கள், எந்த ராத்திரி என்று கண்டுபிடித்தார்கள். யார் கார்டு? ரூபன் கார்டு. பேப்பரில் யார் பெயர்? ரூபன் பெயர். சஸ்பெண்டு. வாரம் இரண்டு தரம் ஸ்டேஷனில் உட்கார வைக்கிறார்கள். அன்றைக்கு ஒன்றரைக்கே போய்விட்டேன் என்கிறான். கேட் பதிவில் அவன் வெளியே போகவில்லை. கேண்டீன் லாரி டிரைவர் சொந்த ஊர் போய்விட்டான். அவன் போனதைப் பார்த்தது நான் ஒருத்தன்தான்.

ரூபன் இன்றுவரை என் பெயரைச் சொல்லவில்லை சார். அந்த இடத்துப் பதிவில் கார்டு போட்டவன் பெயர் மட்டும்தான் இருக்கும், கூட நின்றவன் பெயர் இருக்காது. கூட யார் இருந்தது என்று கேட்டால், ஞாபகம் இல்லை என்கிறானாம். குழந்தைக்காக அன்றைக்கு நான் செய்ததை மறக்கவில்லை போலிருக்கிறது. நன்றியுள்ள பிள்ளை.

அவன் சம்சாரம் செலின்தான் வந்தாள். அந்தப் பெண் குழந்தையும் கூட. வளர்ந்துவிட்டது. இரண்டாம் வகுப்பாம்.

"அண்ணா, நீங்க எதையும் உங்க தலைல போட்டுக்க வேணாம். ஒன்றரைக்கு மேல அவரு அங்க இல்ல, அத மட்டும் சொல்லுங்க."

"அவன் இல்லன்னா, அப்ப யாரு இருந்தான்னு கேப்பாங்களேம்மா."

அவள் என்னையே பார்த்தாள் சார். எதற்காக அப்படிப் பார்க்க வேண்டும்? "கேக்கட்டுமே" என்றாள். அவ்வளவுதான். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். டீ குடிக்கச் சொன்னேன், குடிக்கவில்லை.

வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். முதல் விசாரணை அன்றைக்கு எனக்கு வயிறு சரியில்லை. இரண்டாவது அன்றைக்கு மழை. மூன்றாவதற்குப் போனேன். பொய் சொல்லவில்லை, கம்பெனி கேட் வரைக்கும் போனேன். வாட்ச்மேன், "யாரப் பாக்கணும்?" என்றான். "வழி தவறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கேட்ட தோரணை அப்படி. கொஞ்சம் மரியாதையாகக் கேட்டிருந்தால் உள்ளே போயிருப்பேன்.

யோசித்துப் பாருங்க, இதில் யார் மேல் தப்பில்லை? கார்டை விட்டுவிட்டுப் போனவன் ரூபன். சர்வரைப் படுக்க வைத்தது அவர்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் ரத்து செய்தது கம்பெனி. போன் எடுக்காதது பையன். அரை மணி நேரம் காத்திருந்தது பெரியவர். நான் ஒரு பட்டனை அமுக்கவில்லை, ஒரு கார்டைத் தட்டவில்லை. செய்தவர்களை விட்டுவிட்டு, எதையும் செய்யாதவனைத் தேடுவார்களா?

எழுபத்தெட்டு. ஆகப் போகிறது சார், இன்னும் இரண்டு நிமிஷம். எந்தப் பக்கம் போறீங்க? செய்யாறு வழியாகவா? வந்தவாசிக்கா? அப்படியானால் கம்பெனி வாசலைத் தாண்டித்தான் போவீங்க. பெரிய நீலக் கேட், இடது கைப்பக்கம்.

என்னையா? ஐயோ, உங்களுக்கு எதற்கு சார் சிரமம்? இல்லை, சிரமம் இல்லை என்கிறீங்க, சரி, மனசு பெரிசு உங்களுக்கு. ஆனால் ஏகாம்பரம் வராமல் நான் எப்படி நகருவது? இந்த நாலு மெஷினையும் யார் பார்ப்பது? திறந்த வீடு மாதிரி போட்டுவிட்டுப் போக முடியுமா?

வேண்டாம் சார், அந்தத் தாளைப் போட்டோ எல்லாம் எடுக்காதீங்க. கொடுங்க இப்படி. உங்க கையில் கொடுத்தனுப்பினால் நன்றாக இருக்காது. நான் நேரில் போய்க் கொடுப்பதுதான் முறை. என் கையெழுத்து இல்லையா? நானே போய்க் கொடுக்கிறேன்.

இதோ வந்துவிட்டான் பாருங்க. மொபெட் சத்தம் கேட்டாலே தெரியும். என்ன ஏகாம்பரம், மணி என்ன ஆச்சு? டயர் பஞ்சரா? சரி சரி, ஒன்பதுக்குள்ள வந்துட்ட இல்ல, பரவால்ல. சாப்ட்டியா? அட, மொகத்தப் பாத்தாலே தெரியுதே. போய்யா, போய் ரெண்டு இட்லி சாப்ட்டு வா. நான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. மெதுவா வா.

பசியோடு ஒருத்தனை நிற்க வைத்துவிட்டுப் போக எனக்கு மனசு வராது சார்.

எண்பது ஆச்சு. இருங்க, கம்பியை நான் உருவுகிறேன், சூடாக இருக்கும். நீங்க கிளம்புங்க, எனக்காக நிற்காதீங்க. பாலத்தில் மட்டும் பார்த்து ஓட்டுங்க. வண்டியில் தண்ணீர் இருக்கிறதா? இந்தாங்க, ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளுங்க. சீல் உடைக்காதது.